மொட்டுக்குத் திரும்பிய பூ

எங்கள் வீட்டில் பூ என்பது அழகான பொருள் அல்ல, அவசரமான பொருள். காலையில் வந்து சாயங்காலத்துக்குள் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும். மலேசியாவின் கிள்ளான் நகரில் கோயில் மாலைகளும் கல்யாண மாலைகளும் விற்கும் தெருவில்தான் அப்பாவின் பூக்கடை. கீழே கடை, மேலே வீடு. மாடிப்படி ஏறும்போதே செவ்வந்தி வாசம் பள்ளிச் சீருடையில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண் என்னை "சாமி ரூம்" என்று கூப்பிடுவாள்.

இத்தனைக்கும் நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். கல்லாவுக்கு மேலே இயேசுவின் படம் மாட்டியிருக்கும், அதற்குக் கீழே வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் போகவேண்டிய மாலைகள் வரிசையாகத் தொங்கும். ஆண்டவர் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது அம்மாவின் கட்சி. எடுத்துக்கொண்டிருந்தால் எங்கள் பள்ளிக் கட்டணத்துக்கு அவரேதான் வழி சொல்லியிருக்க வேண்டும்.

அப்பா பத்து வயதில் பூ கட்டத் தொடங்கியவர். கேமரன் மலையிலிருந்து லோரியில் வரும் செவ்வந்தியைப் பெட்டியைத் திறக்காமலே மோந்து பார்த்து, எப்போது பறித்தது என்று சொல்லிவிடுவார். எந்தப் பூ எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். பூவைப் பற்றி யாராவது அவருக்கு ஒன்று சொல்லப் போனால், காது கேட்காதவர் மாதிரி நாரைக் கிழித்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு பூவின் முன்னால் வாயடைத்து நின்றதை நான் ஒரே ஒரு நாள் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அது பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கடைக்குள் வந்தார். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கொஞ்ச நேரம் மாலைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். வந்த காரியம் மறந்துவிட்டதுபோல இருந்தது.

"என்னண்ணே வேணும்?" என்றாள் அம்மா.

மனைவி நேற்று ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்றார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வீடு, நாலு மணிக்கு அடக்கம். வெள்ளைப் பூவில் ஒரு பெரிய சிலுவை வேண்டும்.

"பிரிக்பீல்ட்ஸ்லயே பூக்கடைங்க இருக்குதான்ணே. ஆனா அவளுக்குக் கிள்ளான்தான் சொந்த ஊரு. எங்க கல்யாண மாலையே நீங்க கட்டுனதுதான்."

"ஆமாமா, ஞாபகம் இருக்கு" என்றார் அப்பா. இருந்திருக்க முடியாது. மாதத்துக்கு எத்தனையோ கல்யாணம். ஆனாலும் அப்பா அதை எவ்வளவு இயல்பாகச் சொன்னார் என்றால், நானே நம்பிவிட்டேன்.

அவர் பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து ஒரு பழைய ஜாம் போத்தலை எடுத்தார். மூடி இல்லை. உள்ளே ஒரு சாண் நீளத்தில் ஒரு கிளை. அதை இரண்டு விரலால் எடுத்து மேஜைமேல் விரித்திருந்த தாளில் வைத்தார்.

நான் பார்த்த பூக்கள் எதன் சாயலும் அதில் இல்லை. தண்டும் இலையும் சாம்பல் நிறத்தில், பூனைக்குட்டியின் காது மாதிரி மெல்லிய ரோமத்தோடு இருந்தன. நுனியில் ஏழு சின்னப் பூக்கள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவுதான். நடுவில் மங்கிய மஞ்சள், அதைச் சுற்றி வெள்ளையாகக் காகிதம் போன்ற செதில்கள் அடுக்கடுக்காக விரிந்திருந்தன.

அப்பா குனிந்து பார்த்தார். "செவ்வந்திக்குச் சொந்தம்தான் இது" என்றார். "ஆனா நம்ப ஊருப் பூ இல்ல."

"ஜாவாண்ணே. எரிமலைச் சரிவுல, மேகத்துக்கு மேல. கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் ஏறுனோம். பறிக்கக்கூடாதுன்னு போர்டு போட்டிருந்தான். நான் வேணாம் லா, மாட்டிக்குவோம்னேன். அவ கேக்கல. பறிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா. கீழ எறங்கி வர்ற வரைக்கும் எனக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"எப்ப பறிச்சது?"

"பன்னெண்டு வருஷமாச்சு."

அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். திரும்பவும் பூவைப் பார்த்தார். மல்லிகை இரண்டாவது நாளும் வெள்ளையாக இருந்தாலே அன்றைக்கு முழுவதும் நல்ல மனநிலையில் இருக்கிற மனிதர் அவர். "பன்னெண்டு வருஷம்" என்று மெல்லத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"சிலுவைக்கு நடுவுல இத வெச்சிருங்கண்ணே. அவளோடயே போவட்டும்" என்றார் அவர். போத்தலையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்பா அந்தக் கிளையை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து, இயேசு படத்துக்குக் கீழே இருந்த பலகையில் ஏற்றினார். "யாரும் இத தொடக்கூடாது" என்றார். கடையில் அப்போது இருந்தது அம்மாவும் நானும்தான். அம்மா தொடமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்பா பின்கட்டில் சிலுவைக்குச் சட்டம் கட்டப் போனார். அம்மா கால் கட்டைவிரலில் நாரை மாட்டிக்கொண்டு சரம் தொடுக்கத் தொடங்கினாள். நான் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று பூவைப் பார்த்தேன்.

பன்னிரண்டு வருடம் என்றால் நான் பிறப்பதற்கும் முன்னால். நான் பிறந்து, நடந்து, பல் விழுந்து, பல் முளைத்து, மூன்றாம் வகுப்புப் போகிற இத்தனை காலமும் இந்தப் பூ ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்றிருக்கிறது. அதை நினைத்தபோது எனக்கே தொண்டை வறண்டது. விரலால் தொட்டேன். சரசரவென்று இருந்தது. எங்கள் வீட்டில் பூ காய்ந்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் தெளிக்கும் போத்தலை எடுத்து ஒரு தடவை அடித்தேன். போதாது என்று தோன்றியது. இன்னும் நாலைந்து தடவை நன்றாக அடித்தேன். பிறகு விலை உயர்ந்த பூவுக்கு அப்பா செய்வது போலவே ஈர வாழையிலையில் சுற்றி, மல்லிகை இருந்த ஐஸ்பெட்டிக்குள் வைத்து மூடினேன். நோயாளியைக் கட்டிலில் கிடத்திய நர்ஸ் மாதிரி எனக்குள் ஒரு பெருமிதம். மேலே போய் டிவி பார்த்தேன்.

பன்னிரண்டு மணிவாக்கில் அப்பா கீழேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார். அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. தட்டு காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்.

ஓடிப்போய் ஐஸ்பெட்டியைத் திறந்து வாழையிலையை எடுத்துக் கொடுத்தேன். அவர் பிரித்தார்.

உள்ளே பூ இல்லை. ஏழு மொட்டுகள் இருந்தன.

நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பூ வாடுவது எப்படி என்று எங்களுக்கு நூறு விதமாகத் தெரியும். ஓரம் கறுக்கும், தலை தொங்கும், இதழ் உதிரும், அழுகி நாற்றம் வரும். இது அப்படி எதுவும் இல்லை. விரிந்திருந்த செதில்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மேலேறி இறுக மூடிக்கொண்டிருந்தன. அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய ஏழு வெள்ளை உருண்டைகள். இன்னும் பூக்கவே ஆரம்பிக்காத செடியில் இருப்பவை போல. காலம் பின்னால் போயிருந்தது.

"என்னடி பண்ணுன?" என்றாள் அம்மா.

"தண்ணி தெளிச்சேன்."

"ஐயோ ஆண்டவரே. சாவு வீட்டுப் பூடி அது."

அப்பா திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. கவிழ்த்துப் போட்டிருந்த பூக்கூடைமேல் உட்கார்ந்து, உள்ளங்கையில் அந்தக் கிளையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். எரிமலை, மேகம், போர்டு, ஜாக்கெட் எல்லாவற்றையும் தாண்டிப் பிழைத்து வந்த ஒன்றை, எங்கள் கடைக்கு வந்து இரண்டே மணி நேரத்தில் நான் முடித்துவிட்டேன்.

பக்கத்துத் துணிக்கடை பாய் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அம்மா விஷயத்தைச் சொன்னாள். பாய் நல்ல மனிதர், யார் கஷ்டப்பட்டாலும் உடனே வழி சொல்லிவிடுவார்.

"உங்க கடையிலயே காஞ்ச பூ இருக்குல்ல, பொக்கேக்கு வைக்கிற சின்ன வெள்ளைப் பூ? அதுல ஒரு கொத்து வெச்சுருங்க. அவரு இருக்கிற நெலமைல கிட்டப் போயா பாக்கப் போறாரு?"

அப்பா மேல்தட்டைப் பார்த்தார். காய்ந்த வெள்ளைப் பூக்கள் அங்கே கட்டுக்கட்டாக இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்தேன். 'சரின்னு சொல்லுங்கப்பா' என்று எனக்குள் யாரோ கத்தினார்கள்.

"இல்ல பாய்" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பினார். "நீயும் வர்ற. நீயே அவருகிட்ட சொல்ற."

எழுந்துபோய் அந்தக் கிளையைக் கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையின் விளிம்பில், வெயில் விழுகிற இடத்தில், கூடை மூடிமேல் காயவைத்தார். ஈரத்தோடு கொண்டுபோகக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். "காத்துல பறக்காம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுச் சிலுவை வேலைக்குப் போய்விட்டார்.

கிள்ளான் நண்பகல் வெயிலைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை. தெருவில் தார் மினுங்கிக்கொண்டிருந்தது. நான் கூடை மூடிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து செபம் சொன்னேன். அருள்நிறை மரியே எத்தனை சொன்னேன் என்ற கணக்கு தவறிவிட்டது. ஆண்டவரோடு பேரமும் பேசினேன். இனி டிவி பார்க்க மாட்டேன், கடையில் ரோஜா இதழைத் திருடித் தின்ன மாட்டேன், என்னை "சாமி ரூம்" என்று கூப்பிடுகிற பெண்ணை மன்னித்துவிடுகிறேன். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது.

முதலில் காற்று என்றுதான் நினைத்தேன். ஒரு மொட்டின் அடியில், வெளிச்சுற்றில் இருந்த ஒரு செதில், இமைமயிர் அளவு, அசைந்தது. நான் மூச்சை நிறுத்தினேன். காற்று இல்லை. கடைவாசலில் தொங்கிய சரங்கள் அப்படியே நின்றன. செதில் இன்னும் கொஞ்சம் வெளியே சாய்ந்தது. பிறகு அதற்கு அடுத்தது. பிறகு எதிர்ப்பக்கத்தில் ஒன்று.

நான் நான்கு காலில் குனிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு அப்பா வந்தார். என் பக்கத்தில் மண்டி போட்டார். அம்மா கால்விரலில் மாட்டிய நாரோடு, பாதி தொடுத்த சரம் தரையில் இழுபட, வந்து நின்றாள். பாயும் வந்தார். நாங்கள் நாலு பேரும் நடைபாதையை மறித்துக்கொண்டு ஒரு கூடை மூடியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தெருவில் போனவர்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

அது அவசரப்படவில்லை. ஒவ்வொரு செதிலாக, வரிசை தவறாமல், வெளியிலிருந்து உள்நோக்கி விரித்தது. ஒரு பூ முழுவதும் திறந்து நடுவில் இருந்த மஞ்சள் தெரிந்தபோது அடுத்தது பாதியில் இருந்தது. ஐந்தாவது பூ திறந்த நேரத்தில் ஒரு பஸ் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஹார்ன் அடித்தது. ஒருவரும் திரும்பவில்லை. ஏழாவது கொஞ்சம் பிடிவாதம் பிடித்தது. கடைசியில் அதுவும் திறந்தது.

"சுப்ஹானல்லாஹ்" என்றார் பாய், காற்றே வராத குரலில்.

அப்பா நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டார். மாதா கோயிலில்கூட அம்மா முழங்கையால் இடித்தால்தான் போடுவார். முப்பது வருடம் பூவைக் கட்டியும் அறுத்தும் பழகிய அந்தக் கைவிரல்கள், கிளையை எடுக்க நீண்டு, எடுக்காமல் திரும்பின. "நீயே எடு" என்றார் என்னிடம்.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் செதில்கள் உயிரற்றவை. ஈரம் பட்டால் ஒரு பக்கம் ஊதி மேலே வளையும், காய்ந்தால் வெளியே விரியும். மழையிலிருந்தும் பனியிலிருந்தும் நடுவில் இருப்பதைக் காப்பதற்காக மலைச்சரிவில் அது செய்துகொண்ட ஏற்பாடு. கிளை செத்துப் பல வருடம் ஆனாலும் அந்த வேலையை நிறுத்தாது. இதைப் படித்தால் அன்றைய பிரமிப்பு குறைந்துவிடும் என்று பயந்துதான் படித்தேன். குறையவில்லை. உயிரோடு இருந்து திறந்திருந்தால்கூட இவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேனோ என்னவோ.

இரண்டு மணிக்கு வேனில் கிளம்பினோம். பின்னால் வெள்ளைச் செவ்வந்திச் சிலுவை படுத்திருந்தது. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இடம் விட்டிருந்தார் அப்பா. ஜாம் போத்தல் என் மடியில். ஹைவேயில் வழக்கம்போல ஜேம், வண்டிகள் ஊர்ந்தன.

"அதான் நல்லாயிருச்சேப்பா. இன்னும் சொல்லணுமா?" என்றேன்.

"சொல்லணும்."

பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பழைய அடுக்குமாடி. மூன்றாவது மாடி வரைக்கும் படியில் செருப்புகள் கிடந்தன. கூடத்தில் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பெட்டி. நான் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது என்று என் காலையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அவர் எங்களைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். காலையில் தள்ளிப் போட்ட பொத்தான் அப்படியே இருந்தது.

அப்பா என் தோளில் கை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார்.

"அங்கிள்" என்றேன். "நான் உங்க பூவுல தண்ணி தெளிச்சுட்டேன். அது மூடிக்கிச்சு. மொட்டாயிருச்சு. அப்பறம் வெயில்ல வெச்சோம். அதுவே தொறந்துக்கிச்சு. எல்லாமே தொறந்துக்கிச்சு அங்கிள், ஏழும். அது சாகல."

அவர் என்னையே பார்த்தார். நான் போத்தலை நீட்டினேன். அவர் முகத்தில் ஏதோ உடைவது போல இருந்தது. அழப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். சாவு வீட்டில், பக்கத்து அறையில் செபம் நடந்துகொண்டிருக்கும்போது, சத்தமாகவே சிரித்துவிட்டார். கூடத்தில் ஒரு கணம் செபம் தடுமாறியது.

"மூடிக்கும்மா, மூடிக்கும்" என்றார். "மழ வர்றதுக்கு முந்தி மூடிக்கும். இந்த ஜன்னல்லதான் வெச்சிருப்பா. அது மூடுனா, ஏங்க, போயி துணிய எடுங்க, மழ வரப்போவுதுன்னு கத்துவா. ரேடியோல சொல்றதையெல்லாம் நம்பமாட்டா. இதத்தான் நம்புவா. தப்பவே தப்பாது."

நாங்கள் மூவரும் ஜன்னலைப் பார்த்தோம். திட்டில் படிந்திருந்த தூசியில் ஒரு போத்தலின் அடிப்பாகம் அளவுக்குச் சுத்தமான ஒரு வட்டம் இருந்தது. வெளியே கொடியில் நாலைந்து துணிகள் தொங்கின. ஒரு பூப்போட்ட நைட்டி, இரண்டு துண்டு, ஒரு வேலைச் சட்டை. எப்போது காயப்போட்டார்களோ, நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து விறைத்துப் போயிருந்தன.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என் கையிலிருந்த போத்தலை வாங்கினார். வெகுநேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஜன்னல் திட்டில், அந்த வட்டத்தின்மேல், சரியாக வைத்தார்.

"இது இருக்கட்டும்ணே" என்றார் அப்பாவிடம். "சிலுவைல வேற எதாச்சும் வெச்சிருங்க."

அப்பா தலையாட்டினார். கீழே வேனுக்குப் போய், கூடையில் மிச்சம் இருந்ததிலேயே பெரியதாக ஒரு வெள்ளைச் செவ்வந்தியைத் தேடி எடுத்து, சிலுவையின் நடுவில் விட்டிருந்த இடத்தை நிரப்பினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பூவைக் கெடுத்துவிட்டேன். கெட்ட பூவை யாரும் சிலுவையில் வைக்க மாட்டார்கள். திருப்பி அனுப்பினால் எங்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று மரியாதையாக ஜன்னலில் ஒதுக்கி வைத்துவிட்டார். எங்கள் கடையிலிருந்து போன பூவை ஒரு வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்லி நான் அதுவரை பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது வேனில் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. விக்கி விக்கி அழுதேன்.

"இப்ப என்னத்துக்கு அழுவுற?" என்றார் அப்பா.

"நான் கெடுத்துட்டேன். அதான் அவரு வேணாம்னுட்டாரு."

"நீ ஒண்ணும் கெடுக்கல. அவருக்கு அது வேணும். அதான் வெச்சுக்கிட்டாரு."

"எதுக்கு வேணும்?"

அப்பா கியர் மாற்றினார்.

"துணி எடுக்க" என்றார்.

அவர் என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து, கிள்ளான் வந்து சேரும்வரை இன்னும் சத்தமாக அழுதேன்.